அப்பாவுக்குக் கடல்மட்டத்துக்குக் கீழே நிற்க ஆசை: ஜூன் மாதம் டெத் வேலி போகலாமா?

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 72 வயது. வேலூர் பக்கம் அரசுப் பள்ளியில் 34 வருடம் புவியியல் நடத்தியவர். வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்வான இடம் டெத் வேலி என்று வருடா வருடம் பலகையில் எழுதிப் போட்டவருக்கு, அங்கே ஒரு தடவை போய் நிற்க வேண்டும் என்று ஆசை. 18 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின், ராத்திரி கிளார்ஜின் இன்சுலின். பிபிக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரே மாத்திரை. இரண்டு வருடமாகப் பாதத்தில் மரத்துப்போன உணர்வு. அம்மாவுக்கு 66, மூட்டு வலி, பிபிக்கு அம்லோடிபின். வெளியே கிளம்பினால் தண்ணீரே குடிக்க மாட்டார். வீட்டில் ஐந்து வயது மகளும் உண்டு. பெற்றோர் மே நடுவில் வந்தார்கள், நவம்பர் முதல் வாரம் ஊர் திரும்புகிறார்கள்.

திட்டம் இதுதான்: ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு வாடகை மினி வேனில் கிளம்பி, ராத்திரி முழுக்க ஓட்டி, சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்து, பகலெல்லாம் சுற்றிப் பார்த்து, டெத் வேலிக்குள்ளேயே இருக்கும் ஃபர்னஸ் க்ரீக்கில் ஒரு ராத்திரி தங்கி, ஞாயிறு மதியம் திரும்புவது. மனைவி வேண்டாம் என்கிறார். அப்பாவோ, "வேலூர் வெயில்ல வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா" என்கிறார். அறைக்குக் கட்டிய பணத்தில் பாதி திரும்பி வராது. பயணத்தின்போது மட்டும் அப்பாவின் பிபி மாத்திரையை நிறுத்திவிடலாமா, ஏதாவது ஆனால் 911-க்குப் போன் செய்தால் ஹெலிகாப்டர் வந்துவிடும் அல்லவா, வாங்கிய இன்சூரன்ஸ் போதுமா என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஜூனில் வேண்டாம். அக்டோபர் கடைசி வாரம் போங்கள். உங்கள் பெற்றோர் அப்போதும் உங்களோடுதான் இருப்பார்கள், அதனால் அப்பாவின் ஆசை எங்கும் போய்விடப் போவதில்லை, நாலு மாதம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதை அவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். வயதானவர்களின் ஆசைக்கு "உடம்பு தாங்காதுப்பா" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்துவது எனக்குப் பிடிக்காது. ஆனால் மாதம் முக்கியம், இந்த இடத்தில் வேறு எதையும்விட முக்கியம்.

வேலூர் வெயில் கணக்கு இங்கே செல்லாது

வேலூர் 42, 43 டிகிரி செல்சியஸைப் பார்க்கும் ஊர், மறுக்கவில்லை. டெத் வேலியில் ஜூன் மாதத்துச் சராசரிப் பகல் உச்சமே 110 ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ். வேலூரின் மோசமான நாள் அங்கே சாதாரண நாள். ஜூலை பிறந்தால் சராசரி 117, அதாவது 47 செல்சியஸ், அந்த மாதத்தில் ராத்திரியும் சராசரியாக 30-க்குக் கீழே இறங்குவதில்லை. நீங்கள் சொன்ன தேதி இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 1913 ஜூலை 10-ஆம் தேதி ஃபர்னஸ் க்ரீக்கில் பதிவான 134 ஃபாரன்ஹீட், அதாவது 56.7 செல்சியஸ், இன்றைக்கும் உலக சாதனையாகப் பட்டியலில் இருக்கிறது என்பதை அப்பா உங்களைவிட நன்றாகவே அறிந்திருப்பார்.

அப்புறம், உடம்பு வெயிலுக்குப் பழகுவது ஒரு நிரந்தரச் சொத்து இல்லை. வெயிலை விட்டு விலகினால் இரண்டு மூன்று வாரத்திலேயே அந்தப் பழக்கம் பெரும்பாலும் கரைந்துவிடும். உங்கள் அப்பா மே நடுவிலிருந்து ஃப்ரீமாண்ட்டின் குளுகுளு காற்றில் இருக்கிறார். ஜூன் கடைசியில் வண்டியை விட்டு இறங்கப் போகிறவர் வேலூர் வெயிலில் நடந்த பழைய வாத்தியார் இல்லை, ஆறு வாரமாக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பூங்காவில் நடக்கிறவர். அதோடு அங்கே காற்று எலும்பாகக் காய்ந்து கிடக்கும். நம் ஊரில் சட்டை நனைந்து ஒட்டும்போது எவ்வளவு வியர்க்கிறது என்று தெரியும். அங்கே வியர்வை தோலுக்கு வந்ததுமே ஆவியாகிவிடும், சட்டை காய்ந்தே இருக்கும், ஒன்றும் வியர்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டே லிட்டர் கணக்கில் தண்ணீரை இழப்பார்கள். வயதானால் தாக உணர்வும் மங்கும். 70 தாண்டியவர் தாகமாக இருக்கிறது என்று சொல்லும்வரை காத்திருந்தால் அது தாமதம்தான்.

பாதம் மரத்திருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. ஃபர்னஸ் க்ரீக்கில் 1972 ஜூலை 15 அன்று தரையின் வெப்பம் மட்டும் 201 ஃபாரன்ஹீட், அதாவது 94 செல்சியஸ் பதிவானது. 2024 ஜூலையில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி, மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேட்டில் செருப்பு கழன்றுபோய் மணலில் நடந்ததில், இரண்டு பாதத்திலும் ஆழமான தீக்காயம் பட்டு மருத்துவமனைக்குப் போனார். அவருக்காவது வலி தெரிந்தது. உங்கள் அப்பாவுக்கு முதலில் வலியே தெரியாது, சூடு செருப்புக்குள் ஏறுவதும் தெரியாது, ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். 18 வருடச் சர்க்கரைக்காரரின் காலில் வரும் கொப்புளம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

பிபி மாத்திரை சிறுநீரை அதிகமாக்குகிறது, அதனால் பயணத்தில் நிறுத்தலாம் என்பது உங்கள் யோசனை. பாதி சரி. அந்த மாத்திரையில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும், வெயிலில் அது ஒரு தொல்லைதான். ஆனால் அது டெல்மிசார்டனோடு ஒரே மாத்திரையில் இருக்கிறது. ஒன்றை நிறுத்தினால் இரண்டும் நின்றுபோய், பிபி ஏறத் தொடங்கும்.

நீங்கள் கவனிக்காத மாத்திரை டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதுதான் அதன் வேலை, கூடவே தண்ணீரும் போகும். ஆக, வெயில் ஒரு பக்கம் உறிஞ்ச, இரண்டு மாத்திரைகள் இன்னொரு பக்கம் உறிஞ்சுகின்றன. உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில் டெல்மிசார்டன் சிறுநீரகத்தின் சமாளிக்கும் சக்தியைக் குறைக்கும், சிறுநீரகம் தடுமாறினால் மெட்ஃபார்மின் உடம்பிலேயே தேங்கத் தொடங்கும். ஒவ்வொன்றும் தனியாக நல்ல மருந்து, உங்கள் அப்பாவை இத்தனை வருடம் காப்பாற்றிய மருந்து. 45 டிகிரியில் எல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் சிக்கல். அக்டோபர் பயணத்துக்கும் இது பொருந்தும், அதனால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வேலூரில் பார்க்கும் மருத்துவருக்குப் போன் போட்டு, எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது, வாந்தியோ பேதியோ வந்து சாப்பிட முடியாமல் போனால் எதை அன்றைக்கே நிறுத்துவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். வாந்தியும் பட்டினியுமாக இருக்கும்போது டாபாகிளிஃப்ளோசினைத் தொடர்ந்தால், சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து ஆபத்தாகலாம்.

கிளிமிபிரைடு இன்னொரு மாதிரி. வழியில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்த்து, தடுமாறி, பேச்சு குழறினால் அது வெயிலா, தாழ்சர்க்கரையா என்று பார்வையால் பிரிக்க முடியாது, அதனால் நிழலுக்குக் கொண்டுபோய் முதல் வேலையாகச் சர்க்கரையைக் குத்திப் பாருங்கள். சாக்லேட் உருகிவிடும், குளுக்கோஸ் மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் பேனா 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் கிடக்கக் கூடாது, ஐஸ் கட்டியை நேரடியாகத் தொட்டு உறையவும் கூடாது. துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். உறைந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். சர்க்கரை பார்க்கும் பட்டைகளும் சூட்டில் பொய் சொல்லும், இறங்கும்போதெல்லாம் அவற்றைக் கைப்பையிலேயே எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மாவும் அப்படித்தான், பஸ் பயணம் என்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுவார். "குடிம்மா" என்று திட்டிப் பயனில்லை. எங்கே கழிப்பறை இருக்கிறது என்று தெரியாத பயம்தான் அதற்குக் காரணம், வழியில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்துங்கள். இறங்கி நாலு அடி நடந்தால் மூட்டுக்கும் நல்லது, நெடுநேரம் உட்கார்ந்து காலில் ரத்தம் உறைவதையும் தடுக்கும்.

911, ஹெலிகாப்டர், இன்சூரன்ஸ்

டெத் வேலி ஒரு தேசியப் பூங்கா, அந்தப் பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. ஃபர்னஸ் க்ரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ் பக்கம் கொஞ்சம் வரலாம், நம்பி இறங்கக் கூடாது. ஐபோன் 14-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது, வீட்டிலேயே அதன் மாதிரிப் பயிற்சியைச் செய்து பாருங்கள். ஹெலிகாப்டர் பற்றிய உங்கள் நம்பிக்கை தவறு. காற்று சூடானால் லேசாகும், இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது, 120 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் பொதுவாக அங்கே மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியாது. 2024 ஜூலை 6 அன்று 128 ஃபாரன்ஹீட் வெயிலில், டெத் வேலியிலேயே மிகத் தாழ்வான உப்புப் படுகையான பேட்வாட்டர் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களில் ஒருவர் இறந்தார், அன்றைக்கு ஹெலிகாப்டர் வர முடியவில்லை. பாதம் வெந்தவர் என்று மேலே சொன்னேனே, அவருக்கும் கீழே இறங்க முடியாமல், ஆம்புலன்ஸில் மேட்டுப் பகுதிக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள். உதவி மிகவும் தேவைப்படும் நாளில்தான் உதவி வரத் திணறுகிறது.

பூங்காவுக்குள் மருத்துவமனை கிடையாது. ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து நெவாடா பக்கம் பாரம்ப் ஊருக்குச் சுமார் 60 மைல், மேற்கே லோன் பைன் 100 மைலுக்கு மேல். எந்த அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனாலும் காசு, இன்சூரன்ஸ், விசா எதையும் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது, பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986 முதல் கூட்டாட்சிச் சட்டமே இருக்கிறது. இது உங்கள் பெற்றோரின் உரிமை, தயங்காமல் உள்ளே போங்கள். ஆனால் பில் பின்னால் வரும், அதைச் சட்டம் தடுக்காது.

அதனால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பார்வையாளர் இன்சூரன்ஸில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு இருக்காது. அந்த நோய் திடீரென்று தீவிரமானால் மட்டும் தருவோம் என்று ஒரு பிரிவு இருக்கும், பல திட்டங்களில் 70 வயதைத் தாண்டினால் அதுவும் இல்லை அல்லது தொகை வெகுவாகக் குறைந்துவிடும். அப்பாவுக்கு 72. வெயிலில் மயங்கி விழுந்து சர்க்கரையும் சிறுநீரகமும் சேர்ந்து கெட்டால் அதைப் பழைய நோய் என்பீர்களா, புதிய பாதிப்பு என்பீர்களா, வான்வழி ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். போனில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொல்வதை நம்பாதீர்கள்.

ராத்திரி முழுக்க ஓட்டும் யோசனை

இதை மாதம் மாறினாலும் விடுங்கள். ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஃபர்னஸ் க்ரீக் ஏறக்குறைய 500 மைல், நிறுத்தங்களோடு பத்து மணி நேரம் பிடிக்கும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, வயதான இருவரையும் குழந்தையையும் பின்னால் வைத்துக்கொண்டு, விடியற்காலை நாலு மணிக்கு ஆளில்லாத ரோட்டில் நீங்கள் கண்ணயர்ந்தால் நான் மேலே எழுதிய எதற்கும் அவசியமே இருக்காது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் காலையில் கிளம்புங்கள், இரண்டு நாள் பயணத்தை நாலு நாளாக்குங்கள். அறைப் பணத்தில் பாதி போகும் என்கிறீர்கள், இப்போதே கூப்பிட்டுத் தேதியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் போகட்டும்.

"நாங்கள் மட்டும் விடியற்காலையில் போய் ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடுகிறோம்" என்றும் எழுதியிருந்தீர்கள். ஆரோக்கியமான இளைஞர்கள் லாஸ் வேகஸிலிருந்து அப்படிச் செய்கிறார்கள். ஆனால் உங்கள் கணக்கில் டயர் வெடிப்பதற்கு இடமில்லை. ஒன்பது மணிக்கு டயர் வெடித்தால் பதினோரு மணிக்கும் அங்கேயே நிற்பீர்கள், ஏசி ஓடாத வண்டியில் குழந்தையின் உடம்பு பெரியவர்களுடையதைவிட வேகமாகச் சூடேறும்.

அக்டோபரில் எப்படிப் போகலாம்

அக்டோபரின் சராசரிப் பகல் உச்சம் 93, அதாவது 34 செல்சியஸ், ராத்திரி 16. மாதக் கடைசியில் இன்னும் இதமாக இருக்கும். ஆனாலும் போகும் வாரம் பூங்காவின் இணையதளத்தில் ரோடு நிலவரத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மழை ஒரே நாளில் ஒரு வருட மழையைக் கொட்டித் தீர்த்ததில் அக்டோபர் 15 வரை பூங்காவே மூடிக் கிடந்தது.

முதல் நாள் பேக்கர்ஸ்ஃபீல்டு, டெஹாச்சப்பி வழியாக மலையேறி இறங்கி, 395-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து லோன் பைனில் தங்குங்கள். இந்த வழியை நான் சொல்வதற்கு அப்பாதான் காரணம். காலையில் அறைக் கதவைத் திறந்தால் எதிரே விட்னி மலை, 14,505 அடி, அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் உச்சி. அங்கிருந்து ஒரே நாளில் கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே இறங்கிவிடலாம். அந்த மலைத்தொடர் பசிபிக்கின் ஈரக்காற்றைத் தடுத்து நிறுத்துவதால்தான் இந்தப் பக்கம் பாலைவனம், மழை மறைவுப் பிரதேசம் என்று அவர் எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பார். பேத்திக்கு இந்த முறை நேரிலேயே பாடம் எடுக்கட்டும்.

லோன் பைனில் டேங்கை நிரப்புங்கள், பூங்காவுக்குள் பெட்ரோல் உண்டு, விலை கண்ணைக் கட்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு பத்து லிட்டர் வண்டியின் பின்னால் தொடாமல் கிடக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் அப்பாவின் பிபி மாத்திரையோடு சேர்ந்து உடம்பில் உப்பு தாழ்ந்துவிடும், நடுநடுவே உப்புப் போட்ட மோர் கொடுங்கள், நாலு ஓஆர்எஸ் பாக்கெட்டும் இருக்கட்டும். தயிர்சாதத்தை ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வைக்காதீர்கள். புளியோதரையும் பொடி தடவிய இட்லியும் பயணத்துக்குத் தோதானவை. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், ஆனால் செயலி குறுக்குவழி என்று மண் ரோட்டைக் காட்டினால் திரும்பக்கூடப் பார்க்காதீர்கள். 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நாலு பேர் உங்களைப் போலவே வாடகை மினி வேனில் கரடுமுரடான பாதையில் இறங்கி, டயர்கள் போய், வண்டியை விட்டு நடந்து போனார்கள். எலும்புகள் 2009-இல்தான் கிடைத்தன. தார் ரோட்டை விடாதீர்கள், வண்டி நின்றுபோனால் வண்டியோடே இருங்கள், அதன் நிழல் உங்களைக் காக்கும், அதன் பெரிய உருவம்தான் தேடி வருபவர்கள் கண்ணில் படும்.

யாருக்காவது குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், தொட்டால் கொதிக்கும் உடம்பு என்று தெரிந்து, சர்க்கரையும் சரியாக இருந்தால் அது வெப்ப வாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். நிழல், உடம்பு முழுக்கத் தண்ணீர், விடாமல் விசிறி, கக்கத்திலும் கழுத்திலும் ஐஸ், உடனே உதவிக்கு அழைப்பு. பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பேட்வாட்டருக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அப்பாவுக்கு மூடிய, தடித்த அடிப்பாகமுள்ள ஷூ, உள்ளே பருத்தி சாக்ஸ், அன்று ராத்திரி பாதத்தை விரல் இடுக்கு வரை நீங்களே பார்க்க வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து உப்புப் படுகை வரை சரிவுப் பாதையும் பலகை நடைமேடையும் இருக்கின்றன, அம்மாவின் மூட்டுக்கும் சிரமம் இல்லை. உப்பின் மேல் வெகுதூரம் நடக்க வேண்டாம், நடைமேடை முடிந்து பத்து அடி போதும். அங்கே நின்று அப்பாவைத் திரும்பிப் பின்னால் மலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறையில் வெகு உயரத்தில் ஒரு வெள்ளைப் பலகை தெரியும், கடல்மட்டம் அங்கே இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள்.